ஆஸ்பத்திரிச் சாப்பாடு வீணாவதைக் குறைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஆஸ்பத்திரிச் சமையலறைகளில் 12 வருடம் வேலை செய்தவள் நான். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் இருவர் எல்லாக் கழிவையும் ஒரே வாளியில் கொட்டித் தராசில் தூக்கி வைத்ததைப் போன மாதம் பார்த்தேன். நான் விட்ட அதே பிழை. அளவாகச் சமையுங்கள், ருசியாகச் சமையுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

ஒரே வாளியில் கொட்டி நிறுப்பது

மரக்கறித் தோல், நோயாளி மிச்சம் விட்ட சோறு, யாருமே தொடாமல் திரும்பி வந்த தட்டு. மூன்றும் ஒன்றாகக் கலந்தால் எவ்வளவு வீண் என்று தெரியும், ஏன் என்று தெரியாது. சாப்பாடு பிடிக்கவில்லையாக்கும் என்று நானே முடிவுகட்டி, சமையல்காரரோடு மல்லுக்கட்டி, பருப்பையும் மீன் கறியையும் மூன்று மாதம் மாற்றிக்கொண்டிருந்தேன். வாளி குறையவே இல்லை.

ஒருநாள் வாளிக்குப் பக்கத்திலேயே நின்றேன். மூடி திறக்காத தட்டொன்று வந்தது. மூடியின் உட்பக்கம் ஆவி முத்து முத்தாகப் படிந்திருந்தது, சோற்றில் கரண்டி பட்ட தடமே இல்லை.

"9ஆம் கட்டில், மிஸ். பத்து மணிக்கே டிக்கெட் வெட்டி வீட்டுக்குப் போயிட்டார்" என்றார் தட்டு கொண்டுவந்த அண்ணன். அடுத்த தட்டு, ஒப்பரேஷனுக்காக வெறும் வயிற்றோடு படுத்திருந்த அம்மாவுடையது. காலை ஆறு மணிக்கு எடுத்த கணக்கை வைத்துத்தான் மத்தியானத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தோம். டாக்டர் ரவுண்ட்ஸ் முடிந்தால் அந்தக் கணக்கே மாறிவிடும். சமையல்காரர் அநியாயமாக வாங்கிய ஏச்சை நினைத்தால் இன்றைக்கும் மனம் ஆறுவதில்லை.

மூன்று வாளி வையுங்கள். தொடாத தட்டுகளை நிறுக்க வேண்டாம், எண்ணுங்கள். கட்டில் இலக்கத்தையும் காரணத்தையும் எழுதுங்கள், ஒரு கிழமை போதும். அப்புறம் ரவுண்ட்ஸ் முடிந்ததும் வார்ட்டிலிருந்து சமையலறைக்கு ஒரு டெலிபோன் கோல் வர வேண்டும், சோற்றுக்கு உலை வைக்கும் முன்பே.

வீட்டுப் பார்சலை மறப்பது

யாருக்கு வீட்டிலிருந்து சாப்பாடு வரும் என்று காலையிலேயே கேளுங்கள், இல்லாவிட்டால் நம் தட்டு தொடாமலே திரும்பும்.

தட்டை அவசரமாக எடுப்பது

சேலைன் ஏறும் கையோடு சாப்பிடுகிறவருக்கு நேரம் பிடிக்கும்.

மிஞ்சிய சோற்றை வெளியே வைத்துப் பிறகு சூடாக்குவது

வேண்டவே வேண்டாம். பசிலஸ் சீரியஸ் கிருமியின் வித்துகள் சோறு கொதித்தாலும் சாகாது. அது விடுகிற ஒருவகை நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது.

சாப்பாட்டுக் கழிவை மற்றக் குப்பையோடு அனுப்புவது

2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளில், கொழும்புக்குப் பக்கத்தில் மீதொட்டமுல்லவில் குப்பைமேடு சரிந்து 30 பேருக்கு மேல் இறந்தார்கள். நம் வாளிச் சோறும் அப்படியொரு மேட்டில்தான் காற்றுப் படாமல் அழுகி மீதேனாகிறது. தனியாகப் பிரித்தால் உரமாகும். ஆனால் ஒரு கையுறை உள்ளே விழுந்தாலும் அந்த வாளி உரத்துக்கு உதவாது.