பழைய ஓபரா நேரடிப் பதிவை எடைபோடுவது எப்படி: மூன்று 'லா டிராவியாட்டா'க்களை வைத்து ஒரு பாடம்

1955 மே 28 அன்று மிலான் லா ஸ்காலாவில் ஓபரா பாடகி மரியா காலஸ் பாடிய, வெர்டியின் 'லா டிராவியாட்டா'வை என்னிடம் வாங்கிக் கேட்ட நண்பர்கள் பலர், முதல் காட்சி முடிவதற்குள் நிறுத்திவிட்டார்கள். ஒலி மங்கல், கூட்டம் இருமுகிறது, ஆர்க்கெஸ்ட்ரா எங்கோ தூரத்தில் கேட்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னதெல்லாம் உண்மைதான். ஆனால் அவர்கள் எடைபோட்டது டேப்பை. பாடியவர்களை அவர்கள் இன்னும் கேட்கவே ஆரம்பிக்கவில்லை.

பழைய நேரடிப் பதிவை மதிப்பிடும்போது நான் விடாமல் பிடித்துக்கொள்ளும் முறை ஒன்றுதான். மைக்கும் டேப்பும் குரலுக்கு என்ன செய்திருக்கின்றன என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அதைக் கழித்த பிறகு மிச்சமிருப்பதைத்தான் பாடகரின் கணக்கில் எழுத வேண்டும். இந்த வரிசை மாறினால் நல்ல பாடகர் மேல் அநியாயமாகப் பழி விழும், சுமாரான பாடகருக்கு இல்லாத பெருமை வந்து சேரும்.

பழகிக்கொள்ள நான் சிபாரிசு செய்வது காலஸின் மூன்று டிராவியாட்டாக்கள். முதலாவது மேலே சொன்ன மிலான்: ஆர்க்கெஸ்ட்ராவை ஜுலீனி நடத்த, காலஸ் நாயகி வியோலெத்தாவாகவும், ஜுசெப்பே தி ஸ்டெஃபானோ காதலன் அல்ஃப்ரேடோவாகவும், எத்தோரே பாஸ்தியானீனி அவன் தந்தை ஜெர்மோனாகவும் பாடியது, மேடை இயக்கம் லுக்கீனோ விஸ்கோந்தி. இரண்டாவது 1958 மார்ச் 27, லிஸ்பன் சான் கார்லோஸ் அரங்கம்: ஃப்ராங்கோ கியோனே நடத்தினார், காதலனாக அல்ஃப்ரேடோ கிராவுஸும் தந்தையாக மரியோ செரேனியும். மூன்றாவது அதே ஆண்டு ஜூன் 20, லண்டன் கோவென்ட் கார்டன்: நடத்தியவர் நிக்கோலா ரெஷீனியோ, காதலன் செசாரே வல்லெத்தி, தந்தை மரியோ ஸனாஸி. ஒரே பாடகி, ஒரே ஓபரா, இடைவெளி மூன்று ஆண்டு. வெட்டிய பகுதிகளும் ஏறக்குறைய ஒன்றே. அதனால் வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பிரித்துப் பார்ப்பது சுலபம்.

உட்காருவதற்கு முன் சில ஏற்பாடுகள். ஸ்பீக்கரைவிடக் கம்பி வைத்த ஹெட்போன் நல்லது. மின்விசிறியை அணைத்துவிடுங்கள், ஏனென்றால் டேப்பின் இரைச்சலும் விசிறியின் இரைச்சலும் ஒன்றில் ஒன்று கலந்து ஏமாற்றும். வெர்டியின் ஸ்கோர், அதாவது அச்சிட்ட இசைக்குறிப்பு, ஐஎம்எஸ்எல்பி தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. முழு ஆர்க்கெஸ்ட்ரா ஸ்கோர் படிக்க வராவிட்டால் பியானோவுக்குச் சுருக்கிய குரல் ஸ்கோர் போதும். நோட்டு வராதவர்கள் இத்தாலிய வரிகளை அர்த்தத்தோடு பக்கத்தில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்துவிடும். தேதியையும் பாடகர் பட்டியலையும் அரங்கத்தின் ஆவணத் தளத்தில் சரிபாருங்கள். தனியார் இசைத்தட்டுகளில் தேதியும் பெயரும் மாறிப்போயிருப்பது சகஜம்.

அப்புறம் சுருதி. இதில் மட்டும் அவசரப்படவே கூடாது.

டேப் கொஞ்சம் வேகமாக ஓடினால் சுருதி ஏறும், தாளமும் விரையும், குரல் மெலிந்து இளமையாகத் தோன்றும். மெதுவாக ஓடினால் எல்லாம் தலைகீழ்: குரல் கனத்து, களைத்து, ஆட்டம் கொண்டதாகக் கேட்கும். அரை ஸ்வரம் என்பது ஏறக்குறைய ஆறு சதவீத வேக வித்தியாசம். இரண்டு மணி நேர ஓபரா அந்த வேகத்தில் ஓடினால் ஏழு நிமிடம் முன்னதாகவே முடிந்துவிடும். "இந்த நடத்துநர் விறுவிறுப்பானவர்" என்று ஒருவரைப் பாராட்டும் முன் இதைச் சரிபார்க்க வேண்டும். முதல் அங்கத்தில் 'லிபியாமோ' என்ற விருந்துப் பாட்டு பி பிளாட் மேஜரில் இருக்கிறது. அது முடிகிற இடத்தில் ஆர்க்கெஸ்ட்ரா அடிக்கும் கடைசி ஒலியை ஃபோனில் உள்ள ட்யூனர் செயலியிடம் காட்டுங்கள். பாடகரின் நீண்ட ஸ்வரத்தைக் காட்டாதீர்கள், அதன் அசைவில் முள் நிலைகொள்ளாது. 'பி' என்று காட்டினால் டேப் அரை ஸ்வரம் ஏறியிருக்கிறது, 'ஏ' என்றால் இறங்கியிருக்கிறது. அரை ஸ்வரத்தில் கால் பங்குக்கும் குறைவான விலகலைப் பொருட்படுத்த வேண்டாம். அரங்கத்துக்கு அரங்கம் சுருதி அந்த அளவு மாறும்.

ஒரு இடத்தில் பார்த்துவிட்டு நிறுத்திவிடக் கூடாது. ஒவ்வொரு அங்கத்தின் தொடக்கத்திலும் முடிவிலும் பாருங்கள். ரீல் மாறும் இடத்தில் சுருதி சட்டென்று குதிக்கலாம், ரீலின் கடைசியில் கொஞ்சம் கொஞ்சமாக நழுவலாம். அதோடு, பாடகருக்காகவே சுருதியை இறக்கிப் பாடும் வழக்கமும் உண்டு. வெர்டியின் இன்னொரு ஓபராவான 'இல் த்ரொவத்தோரே'யில் 'தி க்வெல்லா பீரா' என்ற பாட்டைப் பல டெனர்கள் (உயர்ந்த ஆண் குரல் பாடகர்கள்) அரை ஸ்வரம் இறக்கிப் பாடுவார்கள். அதற்குச் சற்று முன் வரும் 'ஆ ஸீ, பென் மீயோ' சரியான சுருதியில் இருந்து இது மட்டும் இறங்கியிருந்தால், அது டெனரின் வசதிக்காகச் செய்தது. இரண்டும் சேர்ந்து இறங்கியிருந்தால் டேப்பின் கோளாறு. சரிசெய்ய ஆடாசிட்டி மென்பொருள் போதும், ஆனால் வேகமும் சுருதியும் சேர்ந்து மாறும் கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். சுருதியை மட்டும் மாற்றினால் தாளம் பிழையாகவே நின்றுவிடும்.

டிராவியாட்டாவில் ட்யூனரைவிட நம்பகமான சோதனை ஒன்று இருக்கிறது. கடைசி அங்கத்தில் வியோலெத்தா கடிதம் வாசிக்கும் இடம் அது. 'தெனெஸ்தே லா ப்ரொமெஸ்ஸா' என்று தொடங்கிப் பாடாமல் பேசுகிறாள். பின்னால் வயலின்கள் முதல் அங்கத்துக் காதல் மெட்டை மெல்ல வாசிக்கின்றன. பேச்சுக்குரலை நம் காது லேசில் தவறவிடாது. வேகம் கூடினால் சிறுமி வாசிப்பது போல் ஆகிவிடும், குறைந்தால் ஆண் குரலின் சாயல் வரும். ஒரே நிகழ்ச்சியின் இரண்டு வெளியீடுகள் கையில் இருந்தால் நான் முதலில் போட்டுக் கேட்பது இந்தக் கடிதத்தைத்தான்.

அடுத்து, மைக் எங்கே இருந்தது என்று கண்டுபிடியுங்கள். இதற்கும் வெர்டியே வழிவைத்திருக்கிறார். விருந்துப் பாட்டுக்குப் பிறகு மேடைக்குப் பின்னாலிருந்து ஒரு பேண்டு வாத்தியக் குழு வால்ட்ஸ் வாசிக்கும். முதல் அங்கத்தின் முடிவில் வியோலெத்தா பாடும் 'செம்ப்ரே லிபெரா'வின் நடுவே அல்ஃப்ரேடோவின் குரல் வெளியிலிருந்து வரும். கடைசி அங்கத்தில் ஜன்னலுக்கு அப்பால் கார்னிவல் கூட்டம் பாடிக்கொண்டு போகும். இவை மூன்றும் தூரத்திலிருந்து கேட்டால், அந்தப் பதிவில் அரங்கத்தின் ஆழம் பிழைத்திருக்கிறது. எல்லாம் முகத்துக்கு நேராக ஒரே அளவில் வந்தால், மேடை விளிம்பு மைக்கும் வானொலிப் பொறியாளரின் கையும் சேர்ந்து ஒலியைச் சமப்படுத்திவிட்டன என்று அர்த்தம்.

லிஸ்பன் பதிவு வானொலியிலிருந்து வந்தது. அதில் குரல்கள் நெருக்கமாக இருக்கின்றன, கூடவே பிராம்ப்டரும் கேட்கிறார். பாடகர் வாயெடுப்பதற்கு முன் வரியின் முதல் சொற்களை எடுத்துக்கொடுக்கும் ஆண் குரல் அது. மேடை முன்விளிம்பின் நடுவே உள்ள கூண்டுக்குள் உட்கார்ந்திருப்பவர் அவ்வளவு தெளிவாகக் கேட்டால், மைக்கும் அந்தப் பக்கம்தான் இருந்திருக்க வேண்டும். பலருக்கு அவர் பெரிய தொல்லை. நான் அவரைச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன். பாடகர் கூண்டை விட்டுத் தள்ளிப் போகும்போது குரல் சிறுக்கும், நெருங்கும்போது பெருக்கும். அந்த ஏற்ற இறக்கத்தைப் பாடகரின் உணர்ச்சி வெளிப்பாடு என்று எண்ணிவிடக் கூடாது.

இதனால்தான், குரல் எவ்வளவு பெரியது என்பதைப் பழைய ஒலிபரப்பை வைத்துத் தீர்மானிக்கவே கூடாது என்கிறேன். உச்ச ஸ்வரம் வரும்போது ஆர்க்கெஸ்ட்ரா திடீரென்று பின்வாங்கினால், ஒலி எல்லை மீறாமல் பொறியாளர் ஒலி அளவின் கைப்பிடியை இறக்கியிருக்கிறார். 'செம்ப்ரே லிபெரா'வின் முடிவில் காலஸ் ஏறும் ஈ பிளாட் என்ற உச்ச ஸ்வரம் வெர்டி எழுதாதது, மேடை மரபில் வந்தது. மிலானில் அந்த ஸ்வரத்தைக் கேட்கும்போது அதன் பருமனை விட்டுவிட்டு, அதை எட்டும் விதத்தைக் கவனியுங்கள். நேராகப் போய் நிற்கிறதா, அடியிலிருந்து வழுக்கி ஏறுகிறதா, நடுவில் அசைகிறதா? இவற்றை எந்தப் பொறியாளராலும் மாற்ற முடியாது.

இரைச்சல் நீக்கம் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முதல் அங்கத்து முன்னிசை, பல குழுவாகப் பிரிந்த வயலின்கள் மிக மெல்லிதாக மேல் ஸ்தாயியில் வாசிப்பதில் தொடங்குகிறது. அங்கே இரைச்சல் இருந்தால் பயப்பட வேண்டாம், வயலினின் தந்தியொலி உள்ளே இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இரைச்சல் சுத்தமாக இல்லாமல் வயலின்கள் தண்ணீருக்கு அடியில் வாசிப்பதுபோல் கேட்டால், யாரோ அளவுக்கு மீறிச் சுத்தம் செய்திருக்கிறார்கள். 'ஸ' ஒலிகள் மழுங்கியிருப்பதும், பாட்டுகளுக்கு இடையே அரங்கத்தின் மூச்சே இல்லாத மௌனம் வருவதும் இதே நோயின் அறிகுறிகள். இரைச்சலின் நிறம் சட்டென்று மாறினால், விட்டுப்போன சில நொடி இசையை வேறொரு நாள் நிகழ்ச்சியிலிருந்து எடுத்து ஒட்டியிருக்கலாம்.

வெட்டுகளையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். 1950களின் வழக்கப்படி வியோலெத்தா முதல் அங்கத்தில் பாடும் 'ஆ, ஃபோர்ஸே லூயி'யின் இரண்டாம் சரணம், கடைசி அங்கத்தில் பாடும் 'அத்தீயோ தெல் பஸ்ஸாத்தோ'வின் இரண்டாம் சரணம், இரண்டாம் அங்கத்தில் அல்ஃப்ரேடோவும் ஜெர்மோனும் தனித்தனியே பாடும் வேகமான முடிவுப் பாட்டுகள், இவை பெரும்பாலும் பாடப்படுவதில்லை. அவை இல்லையே என்று டேப்பைக் குறைசொல்ல வேண்டாம்.

சரி, இப்போது பாட்டுக்கு வரலாம். முதல் தடவை ஒரு அங்கத்தையாவது நிறுத்தாமல் கேளுங்கள். நேரடிப் பதிவின் உயிர் தொடர்ச்சியில் இருக்கிறது. உச்சங்களை மட்டும் வெட்டிக் கேட்பதானால் ஸ்டூடியோ பதிவே போதும். இரண்டாம் தடவை, வியோலெத்தாவும் ஜெர்மோனும் பேசும் இரண்டாம் அங்கக் காட்சிக்குப் போங்கள். இந்த ஓபராவின் இதயம் அங்கேதான் இருக்கிறது, நான் அதிக மதிப்பெண் வைப்பதும் அங்கேதான். 'தீத்தே அல்லா ஜோவினே'வுக்கு முன் ஒரு 'ஆ' நீள்கிறது. தன் காதலை விட்டுக்கொடுக்க அவள் சம்மதிக்கும் தருணம் அது. லண்டனில் காலஸ் அந்த ஸ்வரத்தை எடையே இல்லாமல் தொங்கவிட்டு, அதிலிருந்து மூச்சு அறுபடாமல் பாட்டுக்குள் இறங்குகிறார். 1951, 1952 மெக்சிகோ சிட்டி பதிவுகளில் அவருடைய குரல் இதைவிடப் பெரியது, உறுதியானது. ஆனாலும் இந்த இடத்தை லண்டனில்தான் அவர் முழுதாகக் கண்டடைந்தார் என்பது என் தீர்ப்பு.

அதே லண்டன் பதிவில் 'அத்தீயோ தெல் பஸ்ஸாத்தோ'வின் கடைசி 'ஏ' ஸ்வரம் நடுங்கி, அறுந்துவிடும்போல் ஆகிறது. இதைக் குறை என்று கழிக்கலாமா? நூலிழை போன்ற குரலில் பாடச் சொல்லி ஸ்கோரிலேயே இருக்கிறது. அதைப் பத்திரமாகக் கொஞ்சம் குரல் கூட்டிப் பாடியிருந்தால் நடுக்கம் வந்திருக்காது. அவர் அந்தப் பத்திரத்தைத் தேடவில்லை. ஒரு தவறைக் கேட்கும்போது, பாடகர் எதற்காக அந்த ஆபத்தில் இறங்கினார் என்று கேளுங்கள். காசநோயில் சாகும் பெண்ணைப் பாடும்போது வந்த நடுக்கம் ஒரு வகை, மனப்பாடம் தவறிச் சொல்லை விழுங்குவது இன்னொரு வகை. இரண்டுக்கும் ஒரே மதிப்பெண்ணைக் குறைக்கக் கூடாது.

மற்றவர்களில், கிராவுஸுக்கு லிஸ்பனில் வயது முப்பது. வரியைச் சுத்தமாக வரைகிறார், சொற்களை இழுத்துக் கெடுப்பதில்லை. தி ஸ்டெஃபானோவிடம் வெப்பம் அதிகம், உச்சத்தில் உயிரெழுத்துகளை அகலத் திறந்துவிடுவார். காட்சியின் சூட்டில் அது ஒத்துப்போகிறது. பாஸ்தியானீனியின் குரல்வளம் மறுக்க முடியாதது, ஆனால் வியோலெத்தா மனம் உடையும்போதும் அதே பருமனில்தான் பாடுகிறார். லண்டனில் ஸனாஸி அவளைக் கேட்டுப் பதில் சொல்கிறார். ஜெர்மோனுக்கு அதுதான் வேண்டும். நடத்துநர்களில் ஜுலீனி மற்ற இருவரையும்விட மேலே நிற்கிறார். முன்னிசையிலேயே கடைசி அங்கத்தின் சாவு தெரிகிறது, மங்கலான டேப்பிலும் அது மறையவில்லை. கியோனே காரியத்தை ஒழுங்காக நடத்திக்கொடுக்கிறார், அதற்குமேல் இல்லை.

கைதட்டலையும் கேளுங்கள். பாட்டு முடிவதற்கு முன்பே வெடிப்பது ரசிகர் கூட்டத்தின் பழக்கம். ஒரு நொடி தயங்கி, பிறகு வருவது வேறு. 1955 செப்டம்பர் 29 அன்று பெர்லினில் கராயன் நடத்த, காலஸ் பாடிய 'லூச்சியா' ஓபராவில் ஆறு பேர் சேர்ந்து பாடும் பாட்டைக் கூட்டம் விடாமல் மறுபடி பாடவைத்தது, அது பதிவில் அப்படியே இருக்கிறது. அந்த மாதிரி சாட்சி ஸ்டூடியோவில் கிடைக்காது.

கேட்டு முடித்ததும் குறித்துவையுங்கள். என் நோட்டில் ஒவ்வொரு பதிவுக்கும் இரண்டு பத்திகள் உண்டு. இடப்பக்கம் டேப்புக்கு: சுருதி எவ்வளவு விலகல், எங்கே ஒட்டு, எந்த வரிகள் விடுபட்டவை, மைக் எந்தப் பக்கம். வலப்பக்கம் பாட்டுக்கு. இடப்பக்கம் நிரம்பும் வரை வலப்பக்கம் எழுதுவதில்லை. ஒரே நிகழ்ச்சிக்குப் பல வெளியீடுகள் இருந்தால் கடிதக் காட்சியையும் முன்னிசையையும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்து, சுருதி சரியாக உள்ளதை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சுருதி சரியாக இருந்தால், இரைச்சல் அதிகமாக இருக்கும் வெளியீட்டை எடுங்கள். குரலின் மேல்பகுதி பெரும்பாலும் அதில்தான் மிச்சம் இருக்கும்.