முதல் ஒன்பது பந்துப் போட்டிக்கு ஆறு வாரங்களில் தயாராவது எப்படி?

பூல் மேசையில் நண்பர்களோடு மாலை நேரங்களில் ஆடி, அவர்களில் பெரும்பாலோரை வெல்லத் தொடங்கிவிட்ட ஒருவர், உள்ளூர் ஒன்பது பந்துப் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது, தம் ஆட்டம் அதற்குப் போதும் என்றே நினைக்கிறார். நானும் அப்படித்தான் நினைத்தேன். என் முதல் போட்டியின் இரண்டாவது ரேக்கில் (ஒன்பது எண் பந்துகளை அடுக்கித் தொடங்கி, 9-ஆம் பந்தை முறைப்படி போடுபவர் வெல்லும் ஒரு சுற்று), பிரேக் (அடுக்கைச் சிதறடிக்கும் முதல் அடி) முடிந்ததும் எதிராளி ‘புஷ் அவுட்’ என்று அறிவித்து, வெள்ளைப் பந்தை மேசை விளிம்பிலுள்ள குஷன் ஓரமாக மெல்லத் தட்டிவிட்டு என்னைப் பார்த்தார். எந்தப் பந்தையும் தொடாததால் அவர் ஃபவுல் செய்துவிட்டார் என்று எண்ணி, நான் வெள்ளைப் பந்தைக் கையில் எடுத்துவிட்டேன். ஃபவுல் என்னுடையதாயிற்று, ரேக்கும் போயிற்று.

ஆறு வாரங்களில் ஒருவருடைய குறி பெரிதாகக் கூர்மையடைந்துவிடாது. ஆனால் இப்படி வீணாகக் கைவிடும் ரேக்குகளை அந்தக் காலத்துக்குள் பெருமளவு நிறுத்திவிடலாம். கீழே உள்ள படிகள் அந்த ஒரு நோக்கத்துக்காகவே எழுதப்பட்டவை.

முதல் படி: போட்டியின் அமைப்பைக் கேட்டறியுங்கள்

பெயர் கொடுக்கும் நாளிலேயே, ஓர் ஆட்டம் எத்தனை ரேக்குகள் வரை, ஒரு தோல்வியோடு வெளியேற்றமா அல்லது இரண்டாம் வாய்ப்பு உண்டா, பிரேக் மாறி மாறி வருமா அல்லது ரேக்கை வென்றவருக்கே தொடர்ந்து கிடைக்குமா, ஷாட்டுக்கு நேர வரம்பு உண்டா என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். மேசை 8 அடியா, 9 அடியா என்பதையும் கேளுங்கள். 9 அடி மேசையின் ஆடுகளம் 100 அங்குல நீளமும் 50 அங்குல அகலமும் கொண்டது. சிறிய மேசையில் பழகிய கைக்கு அதன் நீள ஷாட்டுகள் முதல் நாளில் அந்நியமாகவே இருக்கும். போட்டி 9 அடி மேசையில் என்றால், வாரத்தில் ஓரிரு நாளாவது அத்தகைய மேசையைத் தேடிப் போய் ஆடுவது நல்லது.

இரண்டாம் படி: ரேக்கைப் பறிக்கும் விதிகளைப் படியுங்கள்

மேசையில் உள்ளவற்றுள் மிகக் குறைந்த எண்ணுள்ள பந்தை வெள்ளைப் பந்து முதலில் தொட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகு, ஏதேனும் ஒரு பந்து பாக்கெட்டில் விழ வேண்டும், அல்லது வெள்ளைப் பந்து உட்பட ஏதேனும் ஒரு பந்து குஷனைத் தொட வேண்டும் என்பதைத்தான் புதியவர்கள் மறக்கிறார்கள். வெள்ளைப் பந்தை வேறொரு பந்தின் பின்னால் ஒளித்து வைக்கும் எண்ணத்தோடு மென்மையாகத் தட்டி, இரண்டு பந்துகளும் நடு மேசையிலேயே நின்றுவிட்டால் அது ஃபவுல். எதிராளி வெள்ளைப் பந்தை மேசையில் விரும்பிய இடத்தில் வைத்து ஆடுவார். ஸ்னூக்கரிலிருந்து வருபவர்களுக்கு இந்தத் தண்டனையின் கடுமை உறைக்கச் சிறிது காலம் ஆகும். அங்கே ஃபவுல் என்றால் சில புள்ளிகள் போகும். இங்கே பெரும்பாலும் ரேக்கே போய்விடும்.

பிரேக்கில் 1-ஆம் எண் பந்தையே முதலில் தொட வேண்டும். ஒரு பந்தாவது விழ வேண்டும், அல்லது குறைந்தது நான்கு எண் பந்துகள் குஷனைத் தொட வேண்டும். ஒரே ரேக்கில் ஒருவர் தொடர்ந்து மூன்று ஃபவுல் செய்தால் அந்த ரேக்கை இழக்கிறார். ஆனால் இரண்டாவது ஃபவுலுக்குப் பிறகு அவருக்கு எச்சரிக்கை சொல்லப்பட்டிருக்க வேண்டும். எதிராளி இரண்டு ஃபவுலில் நிற்கும்போது அதை அவரிடம் உரக்கச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். சொல்லாவிட்டால் மூன்றாவது ஃபவுலின் பயன் உங்களுக்குக் கிடைக்காது.

இனி என்னைத் தோற்கடித்த புஷ் அவுட். முறையான பிரேக்குக்கு அடுத்த ஷாட்டை ஆடுபவர் மட்டும், முன்கூட்டியே அறிவித்துவிட்டு, எந்தப் பந்தையும் குஷனையும் தொட வேண்டிய கட்டாயமின்றி வெள்ளைப் பந்தை நகர்த்தலாம். பிறகு அந்த நிலையிலிருந்து தாம் ஆடுவதா, அறிவித்தவரையே ஆடச் சொல்வதா என்பதை மற்றவர் தீர்மானிக்கிறார். ஆகவே நீங்கள் புஷ் அவுட் செய்யும்போது, உங்களுக்கு ஓரளவு எளிதாகவும் எதிராளிக்குச் சற்றுக் கடினமாகவும் தோன்றும் இடத்தில் பந்தை விடுவதே கெட்டிக்காரத்தனம். ஒரு மாலை முழுவதும் இதை மட்டும் நண்பருடன் ஆடிப் பாருங்கள்.

நடுவர் இல்லாத சிறு போட்டிகளில், வெள்ளைப் பந்தைத் தொட்டால் மட்டும் ஃபவுலா, உடையோ கையோ எந்தப் பந்தின் மேல் பட்டாலும் ஃபவுலா என்பது இடத்துக்கு இடம் மாறும். முதல் பிரேக்குக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மூன்றாம் படி: க்யூவைச் சரிசெய்து, பிறகு மாற்றாதீர்கள்

புதிய க்யூ (ஆடுகோல்) வாங்குவதென்றால் இப்போதே வாங்குங்கள். போட்டிக்கு முந்தைய வாரம் வாங்கிய க்யூவோடு வந்து வருந்துபவர்களை ஏறக்குறைய ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். க்யூவின் முனையிலுள்ள டிப்பின் வளைவு ஏறத்தாழ ஒரு ரூபாய் நாணய விளிம்பின் வளைவோடு பொருந்தினால் போதும். தட்டையாகிவிட்ட டிப், வெள்ளைப் பந்தின் மையத்தை விட்டு அடிக்கும்போது வழுக்கும். டிப்பை மாற்ற வேண்டியிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே மாற்றி, அது அடிபட்டு இறுகக் காலம் கொடுங்கள்.

நான்காம் படி: வெள்ளைப் பந்தை நிறுத்தக் கற்றுக்கொள்ளுங்கள்

முதல் இரண்டு வாரங்களில் ஒவ்வொரு பயிற்சியையும் நேர்கோட்டு நிறுத்த ஷாட்டோடு தொடங்குங்கள். குறிப் பந்தை, அதாவது விழவைக்க வேண்டிய பந்தை, பாக்கெட்டுக்கு நேராக வைத்து, அதே கோட்டில் இரண்டு வைர இடைவெளி தள்ளி வெள்ளைப் பந்தை வைத்து, குறிப் பந்து விழ, வெள்ளைப் பந்து மோதிய இடத்திலேயே நிற்குமாறு பத்து முறை ஆடுங்கள். (வைரம் என்பது குஷன் சட்டத்தில் பதித்திருக்கும் குறி, 9 அடி மேசையில் அவற்றின் இடைவெளி பன்னிரண்டரை அங்குலம்.) பிறகு தூரத்தை மூன்று, நான்கு வைரங்களாகக் கூட்டுங்கள். பந்து விழுவதை மட்டும் எண்ணாமல், வெள்ளைப் பந்து ஒரு பந்தின் அகலத்துக்குள் நின்றதா என்பதையும் எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது எண் முதலாவதைவிடச் சிறியதாக இருப்பதைக் கண்டு முதல் வாரத்தில் மனம் தளர வேண்டாம்.

நிறுத்த ஷாட் கைவந்தபின் இரண்டு கோணங்களை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். சுழற்சியின்றிச் சறுக்கி வந்து மோதும் வெள்ளைப் பந்து, குறிப் பந்து செல்லும் கோட்டுக்குச் செங்குத்தாக விலகிச் செல்லும். இயல்பாக உருண்டு வந்து மோதினால், மிக மெல்லிய வெட்டும் மிக முழுமையான மோதலும் அல்லாத பெரும்பாலான ஷாட்டுகளில், வெள்ளைப் பந்து தான் வந்த திசையிலிருந்து ஏறத்தாழ 30 டிகிரி விலகும். இந்த இரண்டையும் அறிந்த ஒருவர், பக்கச் சுழற்சியை (வெள்ளைப் பந்தை மையத்துக்கு இடமோ வலமோ தள்ளி அடிப்பதால் வரும் சுழற்சி) ஏறக்குறையத் தொடாமலே பல ரேக்குகளை முடித்துவிடலாம். தொடக்கநிலையில் பக்கச் சுழற்சி தரும் லாபத்தைவிட, அது குறியைக் கெடுப்பதால் வரும் நட்டமே பெரிது என்பது என் கருத்து.

ஐந்தாம் படி: பேயுடன் ஆடுங்கள்

பூல் ஆட்டக்காரர்கள் இந்தப் பயிற்சியைப் பேயோடு ஆடுவது என்றே சொல்கிறார்கள். கற்பனை எதிராளி என்று நாகரிகமாக மாற்றிச் சொன்னால் அதன் பயங்கரம் குறைந்துவிடுகிறது. இந்தப் பேய் ஒரு பந்தைக்கூடத் தவறவிடாது. நீங்கள் மூன்று பந்துகளை மேசையில் சிதறவிட்டு, வெள்ளைப் பந்தை விரும்பிய இடத்தில் வைத்து, எண் வரிசைப்படி மூன்றையும் போட வேண்டும். எல்லாம் விழுந்தால் ரேக் உங்களுக்கு. ஒன்று தவறினாலும் பேய்க்கு. முதலில் ஏழு ரேக் எடுப்பவர் வெற்றி. மூன்று பந்தில் பேயை இருமுறை தொடர்ந்து வென்றால் நான்கு பந்துக்கு, பிறகு ஐந்துக்குப் போகலாம். ஐந்து பந்தில் சமமாக ஆடுபவர் உள்ளூர்ப் போட்டியில் கௌரவமாக ஆடுவார்.

இதன் பயன் பந்து போடுவதைவிடத் திட்டமிடுவதில் இருக்கிறது. முதல் ஷாட்டுக்குக் குனியும் முன், மூன்றாவது பந்தை எந்தப் பாக்கெட்டில் போடப் போகிறீர்கள், அதற்காக இரண்டாவது பந்தின் எந்தப் பக்கம் வெள்ளைப் பந்து நிற்க வேண்டும் என்று நின்றபடியே முடிவு செய்யுங்கள். இரண்டாவது பந்துக்கு நேர்கோட்டில் போய் நின்றுவிடுவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அங்கிருந்து வெள்ளைப் பந்தைப் பக்கவாட்டில் நகர்த்த வழி இருக்காது. சிறு கோணம் விட்டு நிற்பதே நல்ல நிலை. எந்தப் பந்தில் ரேக் முறிந்தது, காரணம் குறியா, நிலையா என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். பத்து நாளில் அந்த நோட்டு உங்கள் பலவீனத்தை எந்தப் பயிற்சியாளரையும்விடத் தெளிவாகச் சொல்லும். என் நோட்டில் பெரும்பாலும் ‘நிலை’ என்றே இருந்தது.

ஆறாம் படி: இரண்டு சேஃப்டி, ஒரு கிக்

பாதி வாய்ப்புகூட இல்லாத ஷாட்டை ஆடிப் பார்ப்பது நண்பர்களோடு ஆடும்போது வீரம். போட்டியில் அது எதிராளிக்கு நாமே தரும் பரிசு. அதற்குப் பதில், எதிராளிக்கு எளிய ஷாட் கிடைக்காதபடி பந்துகளை விட்டுவைப்பதே சேஃப்டி. தொடக்கத்துக்கு இரண்டு சேஃப்டிகள் போதும். ஒன்று, குறிப் பந்தை முழுமையாக மோதி, வெள்ளைப் பந்தை அங்கேயே வேறொரு பந்தின் பின்னால் நிறுத்திவிட்டு, குறிப் பந்தை மேசையின் மறுமுனைக் குஷனுக்கு அனுப்புவது. மற்றொன்று, மெல்லிய மோதலில் குறிப் பந்தை அதிகம் நகர்த்தாமல், வெள்ளைப் பந்தை மறுமுனைக்கு அனுப்பிக் குஷன் ஓரம் நிறுத்துவது.

ஒளித்து வைக்கப்பட்டவர் நீங்களானால் ஒற்றைக் குஷன் கிக், அதாவது வெள்ளைப் பந்தை முதலில் ஒரு குஷனில் மோதவிட்டுக் குறிப் பந்தை எட்டும் ஷாட், தேவைப்படும். குறிப் பந்து குஷனிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறதோ, குஷனுக்கு அப்பால் அதே தூரத்தில் அதன் பிம்பம் இருப்பதாகக் கருதி, அந்தப் பிம்பத்தை நோக்கி நடுத்தர வேகத்தில் ஆடுங்கள். வேகம் கூடினால் பந்து திரும்பும் கோணம் குறுகும். ஆகையால் எப்போதும் ஒரே வேகத்தில் பழகுங்கள். கிக்கில் நிகரற்றவராகப் போற்றப்படும் பிலிப்பைன்ஸின் எஃப்ரென் ரேயெஸ் 1999-இல் கார்டிஃபில் உலகப் பட்டம் வென்றவர். அவருடைய ஆட்டப் பதிவுகளை ரசிக்கலாம். இந்த ஆறு வாரங்களில் அவரைப் பின்பற்ற முயல வேண்டாம்.

ஏழாம் படி: நாற்காலியில் உட்காரப் பழகுங்கள்

ஐந்தாம் வாரம் முதல் நண்பர் ஒருவருடன் ஏழு ரேக் ஆட்டங்களைப் போட்டி விதிகளோடு ஆடுங்கள். தோற்பவர் தேநீருக்கும் மேசை வாடகைக்கும் பணம் கொடுக்கட்டும். சிறு தொகையாயினும் கை நடுங்க அது போதும். எதிராளி ஆடும்போது பேசாமல், கைபேசியைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள். இருபது நிமிடம் அப்படி உட்கார்ந்துவிட்டு எழுந்து, கை விறைத்த நிலையில் ஆட வேண்டிய அந்த முதல் ஷாட்தான் போட்டியின் மிகக் கடினமான ஷாட். வீட்டுப் பயிற்சியில் அது ஒருபோதும் வருவதில்லை. ஆகவே எழுந்தவுடன் என்ன செய்வீர்கள் என்பதை இப்போதே வகுத்துக்கொள்ளுங்கள்: டிப்புக்குச் சாக் பூசுதல், மேசையை ஒரு முறை சுற்றி வருதல், நின்றபடி முடிவெடுத்தல், குனிந்து இரண்டு மூன்று முறை க்யூவை அசைத்தல், ஆடுதல். குனிந்த பிறகு சந்தேகம் வந்தால் எழுந்துவிட வேண்டும்.

எட்டாம் படி: போட்டி நாள்

முந்தைய நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆட வேண்டாம். போட்டி நாளில் ஒரு மணி நேரம் முன்பே சென்று, இடம் கொடுத்தால் மேசையில் வேகத்தைச் சோதியுங்கள். வெள்ளைப் பந்தை மறுமுனைக் குஷனில் அடித்து, உங்கள் பக்கக் குஷனை ஒட்டி வந்து நிற்குமாறு ஐந்தாறு முறை ஆடிப் பார்த்தால், துணியின் வேகமும் புரியும், யார் முதலில் பிரேக் செய்வது என்று தீர்மானிக்கும் லேக்குக்கும் பயிற்சியாகும். கடலோர ஊர்களிலும் மழை நாட்களிலும் துணி ஈரம் ஏறி மந்தமாகும். குளிர்சாதனம் ஓடும் அறைக்கும் ஓடாத அறைக்கும்கூட வேறுபாடு தெரியும். வயிறு நிறைய உண்டுவிட்டுக் குனிந்து ஆடுவது துன்பம். இட்லி, வாழைப்பழம், தண்ணீர் போதும். காலர் வைத்த சட்டையும் ஷூவும் கட்டாயமா என்று முன்பே கேட்டிருப்பீர்கள்.

எதிராளியின் ஷாட்டில் இரண்டு பந்துகளில் எதை முதலில் தொடுவார் என்று ஐயம் வரும் நிலை இருந்தால், அவர் ஆடும் முன்பே நிறுத்தி, பார்ப்பதற்கு ஒருவரை அழையுங்கள். ஆடி முடித்தபின் எழும் வாதத்துக்குத் தீர்வே இல்லை. கடைசி ரேக்கில் எதிராளி 9-ஆம் எண் பந்துக்குக் குனியும்போது, தோற்றுவிட்டோம் என்று க்யூவைக் கழற்றத் தொடங்காதீர்கள். உலகப் பூல் சங்கத்தின் ஒழுங்குமுறைப்படி, எதிராளியின் தீர்மானிக்கும் ரேக்கில் அவர் மேசையில் இருக்கும்போது க்யூவின் இணைப்பைக் கழற்ற முயல்வதே ஆட்டத்தை விட்டுக்கொடுத்ததாகக் கொள்ளப்படும். எளிய 9-ஆம் பந்தும் தவறுவதுண்டு. அப்போது உங்கள் கையில் முழு க்யூ இருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் கைகொடுத்துவிட்டு, அரங்கை விட்டு வெளியேறும் முன் நோட்டைத் திறந்து, இழந்த ஒவ்வொரு ரேக்குக்கும் எதிரே ஒரே சொல்லில் காரணத்தை எழுதுங்கள். இரண்டாம் வாய்ப்பு உள்ள போட்டியாக இருந்தால், அடுத்த ஆட்டத்துக்கு உங்கள் பெயரை அழைக்க அரை மணி நேரம்கூட ஆகாமல் போகலாம்.