கோப்பு முறைமைச் செயலிழப்புக்கான ரிக்ரெஷன் சோதனையை மதிப்பாய்வு செய்வது எப்படி

லினக்ஸ் கோப்பு முறைமை ஒன்றில் பிழை திருத்தப்பட்டதும், அது மீண்டும் தலைகாட்டினால் பிடித்துக்கொடுப்பதற்கான சோதனை (ரிக்ரெஷன் சோதனை) பெரும்பாலும் எக்ஸ்எஃப்எஸ்டெஸ்ட்ஸ் என்னும் கோப்பு முறைமைச் சோதனைத் தொகுப்புக்கு ஒரு ஷெல் ஸ்கிரிப்டாகவும், ஒப்பிட வேண்டிய வெளியீட்டுக் கோப்பாகவும் வந்து சேர்கிறது. மதிப்பாய்வாளர் அந்த ஸ்கிரிப்டின் நடையைக் குறை சொல்லத் தொடங்குவதற்கு முன், திருத்தம் இல்லாத கர்னலில் (இயங்குதளத்தின் மையப் பகுதியில்) அதை இயக்கிப் பார்க்க வேண்டும். அங்கே தோற்காத சோதனை எவ்வளவு நேர்த்தியாக எழுதப்பட்டிருந்தாலும் ஏற்கத்தக்கதன்று. தோற்றாலும், கமிட் விளக்கம் (திருத்தத்தோடு வரும் குறிப்பு) கூறும் அதே காரணத்தால்தான் தோற்கிறதா, அல்லது டிஸ்கில் இடம் போதாதது போன்ற வேறு காரணத்தாலா என்பதைப் பதிவுகளைத் திறந்து உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

கர்னலே நிலைகுலையும் பிழையாக இருந்தால் வேலை ஓரளவு எளிது. ஒவ்வொரு சோதனைக்குப் பின்னும் தொகுப்பே கர்னல் பதிவில் எச்சரிக்கைகளைத் தேடுகிறது. ஆகவே ஸ்கிரிப்ட் எதையும் அச்சிடாமல் முடிவது குறையன்று. ஆனால், விடுவிக்கப்பட்ட நினைவகத்தைத் தொடும் பிழை சாதாரணக் கர்னலில் ஓசையின்றிக் கடந்துவிடக்கூடும் என்பதால், கேசான் என்னும் நினைவகப் பிழை கண்டறியும் கருவி இயக்கப்பட்ட கர்னலிலும் சோதித்துப் பார்ப்பது நல்லது.

மின்சாரம் திடீரென நின்றபின் தரவு தொலைந்துபோகும் பிழைதான் மதிப்பாய்வாளரின் பொறுமையைச் சோதிக்கும். இங்கே டிஎம்-ஃப்ளேக்கி என்னும் சாதன அடுக்கு, குறிப்பிட்ட கணத்துக்குப் பின் டிஸ்கில் எழுதப்படுவனவற்றைக் கைவிட்டு, கோப்பு முறைமையை மறுபடி மவுண்ட் செய்யும்போது (இணைக்கும்போது) மின்தடைக்குப் பிந்தைய நிலையை உருவாக்கித் தருகிறது. அந்தக் கணத்துக்கு முன் என்ன நடக்கிறது என்பதை வரிவரியாகப் படியுங்கள். பிடிஆர்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமையில், ஒரு கோப்பை டிஸ்கில் பதிக்கச் சொல்லும் எஃப்சிங்க் அழைப்பு வழக்கமாகத் தனி லாக் மரத்தில் (மின்தடைக்குப் பின் மீட்க உதவும் பதிவில்) எழுதுகிறது; பிழை அந்த லாகை மீட்கும் வழியில் இருக்கும்போது, எஃப்சிங்க்குக்குப் பின் எல்லா மாற்றங்களையும் பதிக்கும் சிங்க் கட்டளையை யாரோ சேர்த்திருந்தால், முழுப் பரிவர்த்தனையும் டிஸ்கில் பதிந்துவிடும்; மீட்க லாகே இராது, சோதனையும் எப்போதும் வெற்றி பெறும். சிறிது நேரம் காத்திருக்கச் செய்யும் ஸ்லீப் கட்டளையும் இதே கெடுதலைச் செய்யலாம். ஏனெனில் இயல்பு அமைப்பில் எக்ஸ்ட்4 என்னும் கோப்பு முறைமை ஏறத்தாழ 5 விநாடிக்கு ஒருமுறையும் பிடிஆர்எஃப்எஸ் 30 விநாடிக்கு ஒருமுறையும் தாமாகவே மாற்றங்களை டிஸ்கில் பதிக்கின்றன.

சோதனை எல்லாக் கோப்பு முறைமைகளுக்குமான பொதுப் பிரிவில் வைக்கப்பட்டிருந்தால், அது எதிர்பார்ப்பதை எல்லா முறைமைகளும் உண்மையிலேயே வாக்களிக்கின்றனவா என்று கேளுங்கள். புதிய கோப்பை எஃப்சிங்க் செய்வதாலேயே அதன் பெயர் கோப்பகத்தில் பதிந்துவிடும் என்பது லினக்ஸ் கையேடு அளிக்கும் உறுதியன்று. அதற்குக் கோப்பகத்தையும் எஃப்சிங்க் செய்ய வேண்டும். ஒரு முறைமையின் தனி நடத்தையைச் சோதிக்கும் ஸ்கிரிப்ட் அந்த முறைமையின் பிரிவுக்கே செல்லட்டும். பிளாக் (கோப்பு முறைமை இடம் ஒதுக்கும் அலகு) அளவு 4 கிலோபைட் என்று ஊகிக்கும் எண்களும் வெளியீட்டுக் கோப்பில் இருக்கக் கூடாது. பிளாக் அளவும் பெரிதாக இருக்கக்கூடிய, 64 கிலோபைட் நினைவகப் பக்க அளவுள்ள இயந்திரங்களில் அவை வீணாகத் தோல்வி காட்டக்கூடும்.

திருத்திய கமிட்டின் அடையாளமும் தலைப்பும் ஸ்கிரிப்டில் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை போதும். இறுதியாக, சோதனையை இடையில் நிறுத்திவிட்டு, ஃப்ளேக்கி சாதனம் எஞ்சி நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால், துப்புரவுச் செயற்கூற்றைத் திருத்தும்படி கேட்டுத் திருப்பி அனுப்புங்கள், இல்லையேல் அடுத்து ஓடும் சோதனைதான் காரணமின்றித் தோற்கும்.