சர்க்கரையைக் குறைக்க ஜனவரி வேண்டாம், காணும் பொங்கல் முடியட்டும்

பிரிட்டனில் 2013 முதல் ஜனவரி முழுக்க மதுவைத் தொடாமல் இருக்கும் 'டிரை ஜனவரி' நடக்கிறது. பாலும் முட்டையும்கூட இல்லாத உணவுக்கு 2014-இல் 'வீகனுவரி' வந்தது. நம் வேலூர்ப் பக்கம் இதை அப்படியே எடுத்துக்கொண்டால், பாதி மாதத்தில் பொங்கல் வந்து கவிழ்த்துவிடும். சர்க்கரைப் பொங்கல் ஒரு பக்கம், ஆற்காட்டு மக்கன் பேடாவோடு வந்து நிற்கும் மச்சான் ஒரு பக்கம். அதனால் நான் காணும் பொங்கலுக்கு மறுநாள்தான் தொடங்குவேன்.

ஒன்றை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். என் தேர்வு டீ சர்க்கரை. ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம். நாளைக்கு 4 டீ, டீக்கு 2 ஸ்பூன் என்றால் மாதம் கிட்டத்தட்ட ஒரு கிலோ! ஒரேயடியாக நிறுத்தினால் மூன்றாம் நாளே தோற்றுவிடுவோம். முதல் வாரம் ஒன்றரை, அடுத்த வாரம் ஒன்று, அப்புறம் அரை, கடைசி வாரம் சுத்தமாக இல்லை. டீக்கடையில் "சர்க்கரை கம்மி" என்றால் அது மாஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது. சர்க்கரையைத் தனியாகக் கேட்டு வாங்குங்கள். பதினோரு மணி டீக்குப் பதில் மோர் ஊற்றிய கேழ்வரகுக் கூழ், பசியும் அடங்கும்.

மதுவை விட நினைப்பவர்கள் கவனம்: தினமும் நிறையக் குடிப்பவர் திடீரென நிறுத்தினால் கை நடுக்கம், வலிப்புகூட வரலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள்.