தொட்டில் கட்டும் முன் புடவையை மோந்து பாருங்கள்

குழந்தை வீட்டுக்கு வந்ததும் பாட்டியின் பழைய நூல் புடவையில் தொட்டில் கட்டுவது நம் வீடுகளில் வழக்கம். நல்ல வழக்கம்தான், பல வருடம் துவைத்து நைந்த துணியின் இதம் புதுத்துணியில் வராது. ஆனால் அந்தப் புடவை அலமாரியில் அந்துருண்டையோடு கிடந்ததா என்று முதலில் பாருங்கள். மலேசியக் கடைகளில் உபாட் கெகாட் என்று வாங்குகிறோமே, அந்த வெள்ளை உருண்டை பல நேரம் நாப்தலீன். அதன் ஆவி மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். ஜி6பிடி குறைபாடு, அதாவது சிவப்பணுக்களைக் காக்கும் ஒரு நொதி பிறவியிலேயே குறைவாக இருப்பது, உள்ள குழந்தையாக இருந்தால் ரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து மஞ்சள்காமாலை மளமளவென்று ஏறிவிடும், அளவு மீறினால் மூளையையே பாதிக்கும்.

மலேசியாவில் குழந்தை பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தில் இந்தக் குறைபாட்டைப் பரிசோதிக்கிறார்கள். முடிவு என்ன என்று வீட்டுக்குக் கிளம்பும் முன்பே கேளுங்கள். குறைபாடு இல்லையென்றாலும் அந்துருண்டை வாசம் பட்ட துணி பச்சைக் குழந்தைக்கு வேண்டாம். ஒரு தடவை அலசி வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள், கோலாலம்பூர் மஸ்ஜித் இந்தியா கடைத்தெருப் பக்கம் போய் மெல்லிய பருத்தித்துணி வாங்கித் துவைத்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம், 30-ஆம் நாள் பெயர் வைக்க வரும் சொந்தக்காரர்கள் அலமாரியிலிருந்து எடுத்த பட்டுப்புடவையோடு குழந்தையை மார்பில் அணைப்பார்கள். "பெரியம்மா, அந்துருண்டை வாசம் பிள்ளைக்கு ஆகாது" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள், வேறொரு நாள் நூல் புடவையில் வந்து ஆசை தீரத் தூக்கிக்கொள்ளட்டும்.

குளிப்பாட்டும் தண்ணீரை முழங்கையால் தொட்டுப் பாருங்கள், வெதுவெதுப்பு போதும். கழுத்து மடிப்பில்தான் பால் வழிந்து தங்கிப் புண்ணாகும், அதனால் தாடையை லேசாகத் தூக்கி மடிப்பை விரித்துக் கழுவி, தேய்க்காமல் துணியால் ஒற்றி எடுங்கள். அக்குளும் தொடை இடுக்கும் அப்படியே. பெண் குழந்தைக்கு முன்னிருந்து பின்னாகத் துடைக்க வேண்டும். பவுடர், கண்மை, சாம்பிராணிப் புகை மூன்றும் வேண்டாம்: பவுடரும் புகையும் நுரையீரலுக்குக் கெடுதல், சில மைகளில் ஈயம் இருக்கிறது.

தொப்புள்கொடியில் எண்ணெய், வசம்பு, மஞ்சள் எதுவும் வைக்காதீர்கள். பெம்பர்ஸைக் கொடிக்குக் கீழே மடித்துவிட்டுக் காற்றாட விட்டால் ஒன்று இரண்டு வாரத்தில் தானாக விழும். சுற்றிச் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ, நாற்றம் அடித்தாலோ உடனே கிளினிக்.

கோலாலம்பூர் புழுக்கத்தில் குல்லா, காலுறை, போர்வை என்று சுற்றினால் வேர்க்குருதான் வரும். பிடரியைத் தொடுங்கள், வியர்த்திருந்தால் ஒரு துணியைக் கழற்றுங்கள். ஃபேன் ஓடலாம், நேராக முகத்தில் அடிக்கக் கூடாது.

தினமும் பகல் வெளிச்சத்தில் நெற்றியை விரலால் அழுத்தி எடுங்கள். மஞ்சளாகத் தெரிந்தால், வெயிலில் காட்டினால் போய்விடும் என்று காத்திருக்காமல் அன்றைக்கே ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். பால் குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தால் நேராக எமர்ஜென்சிக்கு.