முதல் செஸ் போட்டிக்குப் பிள்ளையைக் கூட்டிப் போகும் முன்

என் மகள் முதல் போட்டிக்குப் போனபோது அவளுக்கு ஏழு வயது. வீட்டில் என்னையே ஜெயிக்கிறாள், அப்புறம் என்ன என்று தைரியமாகக் கூட்டிப் போனேன். இரண்டாவது ரவுண்டு முடிந்து அழுதுகொண்டே வந்தாள். எதிரில் இருந்த பையன் ராணியைத் தொட்டுவிட்டு, நகர்த்தினால் வெட்டுப்படும் என்று தெரிந்ததும் குதிரையை ஆடிவிட்டானாம். தொட்ட காயைத்தான் ஆட வேண்டும் என்பது விதி. "அங்கேயே சொல்ல வேண்டியதுதானே?" என்றேன். "யார்கிட்டப்பா சொல்றது?" என்றாள். அதை நான் சொல்லிக் கொடுக்கவே இல்லை.

காய் நகர்த்துவது, காஸ்லிங் எல்லாம் உங்கள் பிள்ளைக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

1. போனை ஓரம் வையுங்கள். ஆப்பில் தப்பான கட்டத்துக்குக் காய் நகராது. அதனால் எதிராளி தப்பாக ஆடினால் கண்டுபிடிக்கும் பழக்கமே பிள்ளைக்கு வராது. சுருட்டி வைக்கும் வினைல் போர்டு ஒன்று வாங்குங்கள். கட்டம் 5 முதல் 6 செ.மீ., ராஜா சுமார் 9.5 செ.மீ. இருந்தால் போட்டியில் பார்ப்பது போலவே இருக்கும். காந்தம் வைத்த குட்டி போர்டு ரயிலுக்குத்தான் சரி.

2. கை தூக்கப் பழக்குங்கள். நாங்கள் சறுக்கிய இடம் இது. பத்து நாள் வீட்டில் வேண்டுமென்றே ஏமாற்றி ஆடினேன். ஒரு காயைத் தொட்டுவிட்டு வேறொன்றை நகர்த்துவேன். மந்திரியை நைசாக வேறு நிறக் கட்டத்தில் வைப்பேன். அவள் கடிகாரத்தை நிறுத்தி, கையைத் தூக்கி, பேசாமல் காத்திருக்க வேண்டும். பாட்டிதான் ஆர்பிட்டர், அதாவது போட்டி நடுவர். அடுப்படியிலிருந்து வந்து "என்னடி தங்கம்?" என்பார். நடந்ததை அவள் ஒரே வரியில் சொல்ல வேண்டும்.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. 'தொட்ட காயை ஆடவில்லை' என்ற புகாரைத் தன் காயைத் தொடும் முன்பே சொல்லிவிட வேண்டும். பதிலுக்கு ஆடக் காயைத் தொட்டுவிட்டால் அந்த உரிமை போச்சு. இன்னொன்று, ஆர்பிட்டர் பார்த்திருக்காமல் அந்தப் பையனும் "தொடலை" என்று சாதித்தால் ஆட்டம் தொடரத்தான் செய்யும். அதையும் முன்பே சொல்லி வையுங்கள். சாய்ந்த காயைச் சரிசெய்வதானால் தொடும் முன் 'அட்ஜஸ்ட்' என்று சொல்ல வேண்டும்.

3. ஸ்டேல்மேட். சிப்பாய்களை ராணியாக்கி மூன்று ராணி வைத்திருந்தும் அரைப் புள்ளியோடு வரும் பிள்ளைகளை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். எதிராளி ராஜாவுக்கு நகர இடமில்லை, செக்கும் இல்லை, ஆட வேறு காயும் இல்லை என்றால் அதுதான் ஸ்டேல்மேட்; ஆட்டம் டிரா, ஆளுக்கு அரைப் புள்ளி. ஒரு ராணி, ஒரு யானையோடு முடிக்கப் பழக்குங்கள், போதும்.

4. போட்டியைத் தேர்ந்தெடுப்பது. ஒருநாள் போட்டி, வயதுப் பிரிவு உள்ளதாகப் பாருங்கள். ஆட்டத்திறனுக்கு எண் கொடுக்கும் ரேட்டிங் போட்டிக்கு இப்போது அவசரமே இல்லை. பெரும்பாலும் ஸ்விஸ் முறைதான்: தோற்றாலும் வெளியே அனுப்ப மாட்டார்கள், கிட்டத்தட்ட அதே புள்ளி எடுத்த இன்னொருவரோடு அடுத்த ரவுண்டு. முதல் தோல்வியிலேயே மூட்டை கட்ட வைக்கும் நாக்-அவுட்டைவிட ஏழு வயதுக்கு இது எவ்வளவோ மேல்.

5. ஹாலுக்கு வெளியே. பெற்றோரை உள்ளே விட மாட்டார்கள். நல்லதுதான். ஆனால் வாசலில் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி "ஜெயிச்சியா?" நானும் கேட்டவன்தான். இப்போது தண்ணீர் பாட்டிலை நீட்டி "பாத்ரூம் போகணுமா?" என்கிறேன். ஆட்டத்தைப் பற்றி அவளாகச் சொன்னால் கேட்டுக்கொள்வேன். எங்கே கோட்டை விட்டாள் என்ற ஆராய்ச்சி மறுநாள்தான்.

பின்சேர்க்கை: பட்டியலில் எதிராளி பெயருக்குப் பதில் 'பை' (bye) என்று இருந்ததாம், பிள்ளை தன்னைச் சேர்க்கவில்லை என்று அழுததாம், ஒரு அம்மா எழுதியிருந்தார். ஆட்கள் ஒற்றைப்படையில் வந்தால் ஒருவருக்கு ஜோடி கிடைக்காது. வழக்கமாக அதற்கு 1 புள்ளி உண்டு. அந்த ரவுண்டில் டிபன் டப்பாவைத் திறந்துவிடுங்கள்.