பின்வளவில் முளைப்பதைப் பிடுங்குமுன்

ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தைக் கடந்தவர்களுக்கு ஏப்ரல் கடைசியில் கை துடிக்கத் தொடங்கும். பனி உருகிய பின்வளவில் பெயர் தெரியாத முளைகள் தலைகாட்டும். எல்லாவற்றையும் கொத்திப் புரட்டிவிட்டுக் கத்தரியும் மிளகாயும் வைக்க வேண்டும் என்று தோன்றும். தயவுசெய்து முதல் வருடம் அதைச் செய்யாதீர்கள். மே மாதத்து விக்டோரியா தின விடுமுறை வரைக்கும் உறைபனி வரக்கூடும். அதற்கு முன் கத்தரிக்கன்று வெளியே தாங்காது. அதனால் காத்திருப்பதில் உங்களுக்கு எந்த இழப்பும் இல்லை.

நான் வந்த முதல் வசந்தத்தில் வேலியோரம் செங்கருப்பு நிறத்தில், விரல் மொத்தத்தில், ஏழெட்டு முளைகள் கிளம்பின. ஊரில் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. விஷச்செடி என்று எண்ணிக் கிழங்கோடு கிண்டி எறிந்தேன். வேலிக்கு அப்பால் நின்ற பக்கத்து வீட்டு மூதாட்டி, அது முன்பு குடியிருந்தவர் ஆசையாக வைத்த பியோனி என்ற பூச்செடி என்றார். மிஞ்சிய ஒரு கிழங்கைத் திரும்பப் புதைத்தேன். அது பூப்பதற்கு மூன்று வருடம் சென்றது. இங்கே பல செடிகள் குளிர்காலத்தில் நிலத்துக்கு மேல் முழுதாக மடிந்து, வேரிலிருந்து மீண்டும் வருகின்றன. எது எங்கே வருகிறது என்று ஒரு பருவம் முழுவதும் பாருங்கள். பக்கத்தில் ஒரு குச்சியை நட்டு, வாரம் ஒரு படம் எடுத்து வையுங்கள். வாடகை வீடானால் வீட்டுக்காரரிடம் கேட்காமல் எதையும் கிண்ட வேண்டாம்.

நம் ஊர்க் கண் இங்கே பெரிய துணை. ஆனால் அதே கண் ஏமாற்றவும் செய்யும். ஜூன் வெயிலில் நடைபாதை இடுக்குகளில் படரும் தடித்த இலைச் செடியைப் பார்த்ததும் பருப்புக்கீரை என்பீர்கள். பெரும்பாலும் அதுதான். ஆனால் அதே இடத்தில், அதே போலத் தரையோடு படரும் இன்னொன்றும் உண்டு. அது அம்மான் பச்சரிசியின் உறவு. தண்டை ஒடித்துப் பாருங்கள்: பால் வந்தால் அது கீரை இல்லை. முளைக்கீரையின் இனமும் சக்கரவர்த்திக்கீரையும் கூப்பிடாமலே வரும். சக்கரவர்த்திக்கீரையின் குருத்தில் மாவு தூவியது போல வெண்மை இருக்கும்.

மணத்தக்காளியில்தான் எனக்குப் பயம் அதிகம். வெள்ளைப் பூவும் கறுப்புப் பழமுமாக அதன் உறவுச் செடிகள் இங்கே வளர்கின்றன. அவற்றின் பச்சைக் காய் நஞ்சு. வேலியில் ஏறி, ஊதாப் பூப் பூத்து, சிவப்புப் பழம் தருவது வேறொரு நச்சுக்கொடி. குழந்தைகளின் கண்ணை முதலில் இழுப்பது அந்தச் சிவப்புதான். இன்னதென்று உறுதியாகத் தெரியாத எதையும் சமைக்காதீர்கள். குழந்தை வாயில் வைத்துவிட்டால் 1-844-764-7669 என்ற நச்சுத் தகவல் எண்ணை உடனே அழையுங்கள். மூச்சுத்திணறலோ மயக்கமோ இருந்தால் 911.

தொடவே கூடாதவற்றில் முதலாவது பாய்சன் ஐவி. மாமரமும் நம் சேராங்கொட்டையும் அதே குடும்பம். சேராங்கொட்டைப் பால் பட்டுப் புண்ணான தோலைப் பார்த்தவர்களுக்கு மேலே சொல்ல வேண்டியதில்லை. ஒரு காம்பில் மூன்று இலைகள் இருக்கும், நடு இலையின் காம்பு மட்டும் நீளம். சிக்கல் என்னவென்றால், பின்வளவுகளில் தானாக முளைக்கும் மனிற்றோபா மேப்பிள் கன்றும் மூன்று இலைகளோடு அச்சாக அப்படியே இருக்கும். தண்டைக் கவனியுங்கள். மேப்பிளில் இலைக்காம்புகள் சோடியாக எதிரெதிரே புறப்படும், ஐவியில் ஒன்றுவிட்டு ஒன்று மாறி மாறிப் புறப்படும். பாய்சன் ஐவியை ஒருபோதும் எரிக்காதீர்கள், புகை நுரையீரலையே புண்ணாக்கும். பட்டுவிட்டால் தாமதிக்காமல் சவர்க்காரம் போட்டுக் கழுவி, உடுத்திருந்த துணியையும் தோய்த்துவிடுங்கள். வயல்வெளி, சாலையோரங்களில் மஞ்சள் குடைப்பூவோடு நிற்கும் காட்டுப் பார்ஸ்னிப்பும் அப்படித்தான்: சாறு பட்ட தோலில் வெயில் பட்டால் கொப்புளம் எழும்.

செடியைப் படமெடுத்துக் காட்டினால் பெயர் சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட், சீக் போன்ற செயலிகள் உதவும். மேலிருந்து ஒரே ஒரு படம் மட்டும் போதாது. இலையின் அடிப்புறம், தண்டு, காம்பு சேரும் இடம், பூ என்று தனித்தனியாக எடுங்கள். தண்டு சதுரமா என்று விரலால் உருட்டிப் பாருங்கள்; துளசி, புதினா குடும்பத்துக்கு அது நல்ல அடையாளம். ஆனால் ஐவியாக இருக்குமோ என்ற சந்தேகம் இருந்தால் கை வைக்க வேண்டாம். செயலி சொன்ன பெயரை நம்பிப் பிடுங்கலாம், நம்பி உண்ணக் கூடாது.

களைகொல்லி தேடி அலையாதீர்கள். தோட்டத்தின் அழகுக்காக இரசாயனம் தெளிப்பது ஒன்ராறியோவில் 2009 முதல் தடை. ரொறன்ரோவில் புல்லை 20 சென்ரிமீற்றருக்கு மேல் வளரவிடவும் கூடாது.

ஸ்காபரோவில், குறிப்பாக ரூஜ் பள்ளத்தாக்கை ஒட்டிய வீடுகளில், வேலியைச் சுற்றி முறுக்கி ஏறும் ஒரு கொடியைக் காண்பீர்கள். ஆங்கிலத்தில் அதை நாயை நெரிக்கும் கொடி என்கிறார்கள். பளபளக்கும் சோடி இலைகளும் சிறிய செம்பழுப்புப் பூக்களும் அதன் அடையாளம். இழுத்தால் தண்டு அறுந்து, அடுத்த மாதம் இரண்டாகத் துளிர்க்கும். காய் வெடிக்குமுன் வேர்முடிச்சோடு தோண்டி எடுங்கள்.

அதன் காய் வெடித்தால் எருக்கலம் பஞ்சு போலப் பறக்கும். மில்க்வீட் என்ற செடியின் காயும் அப்படித்தான், ஏனெனில் எருக்கலை, மில்க்வீட், இந்தக் கொடி மூன்றும் ஒரே குடும்பம். மில்க்வீடில் முட்டையிட வேண்டிய மொனார்க் வண்ணத்துப்பூச்சி ஏமாந்து கொடியில் முட்டையிட்டால் புழுக்கள் பிழைக்காது. கொடியில் பால் வராது. மில்க்வீடின் இலையைக் கிள்ளினால் வெள்ளையாகப் பால் வடியும். அதுவும் முன்பு ஒன்ராறியோவின் களைப் பட்டியலில் இருந்ததுதான், 2014இல் நீக்கிவிட்டார்கள். பால் வடியும் அந்தக் கன்றுகளில் இரண்டையாவது வெயில் படும் மூலையில் விட்டுவையுங்கள். ஓகஸ்டில் இலைகளைப் புரட்டினால் மஞ்சளும் வெள்ளையும் கறுப்புமாக வரியோடிய மொனார்க் புழு ஒன்று மென்றுகொண்டிருக்கலாம்.